ழகரத்தில் தொடங்கிய சொல்

தமிழில் ழகரத்தில் தொடங்கும் சொல் கிடையாது. முப்பது வருடங்களுக்கு மேல் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்தவன் நான். மொழிமுதல் எழுத்துக்கள் பற்றி எத்தனை வகுப்புக்களின் கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படியிருக்க, 2025 ஒக்டோபர் மாத இரவொன்றில், குண்டசாலையில் என் வீட்டு மேசையிலிருந்த கணனித் திரையில் அப்படியொரு சொல்லைக் கண்டேன்.

"ழாப்பா கடையை மூடிவிட்டு வரும்போது மஃரிப் பாங்கு சொல்லியிருக்கும்" என்று அந்த வாக்கியம் இருந்தது. எழுதியவர் என் வாப்பா. மர்ஹூமாகிப் பல வருடங்கள். அவர் தன்னுடைய வாப்பாவைப் பற்றி எழுதிய பக்கம் அது.

அந்தச் சொல்லைப் பார்த்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. சற்று நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பக்கத்தைத் தட்டெழுதியவன் நானே. வயது போனாலும், கண் மங்கினாலும், என் கை ஒருநாளும் ழகரத்தில் ஒரு சொல்லைத் தொடங்காது.

விடயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வாப்பா ஓய்வு பெற்ற பிறகு பன்னிரண்டு கொப்பிகளில் தன் ஞாபகங்களை எழுதி வைத்திருந்தார். பெரும்பாலும் பழைய தெல்தெனிய நகரத்தைப் பற்றி. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு மகாவலியைத் தேக்கியபோது அந்த நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, யார் யார் எந்த வாங்கில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள், பெருநாள் தொழுகைக்குப் போகும் வழி எது என்றெல்லாம் வாப்பா எழுதியிருந்தார். இலக்கியமாக எழுதவில்லை. பள்ளிக்கூட இடாப்பு எழுதுவதுபோல எழுதியிருந்தார். ஆனாலும் அந்த நகரத்தை நடந்து பார்க்க எங்களுக்கு இனி அந்தக் கொப்பிகளை விட்டால் வேறு தெரு இல்லை.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கங்களில் வன்செயல் வெடித்துக் கண்டி மாவட்டமெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்ட இரவுகளில், கதவுக்குப் பக்கத்தில் ஒரு பையை ஆயத்தமாக வைத்திருந்தோம். கடவுச்சீட்டுக்கள், காணி உறுதி, மனைவியின் மருந்து, வாப்பாவின் பன்னிரண்டு கொப்பிகள். எங்கள் வீட்டுக்கு எதுவும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் ஒரு நகரம் எவ்வளவு பாரம் குறைந்தது என்று தெரிந்தது. தாளில் மட்டும் இருப்பது போதாது, கணனியில் ஏற்றிவிட வேண்டும் என்று அன்று நிய்யத்து வைத்தேன். 'நூலகம்' திட்டம் 2005 முதல் எங்கள் பழைய ஏடுகளையெல்லாம் இணையத்தில் சேமித்து வருகிறது. அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம் என்பது எண்ணம்.

வேலை தொடங்கவே வருடங்கள் போயின. மடவளையிலிருக்கும் என் தங்கச்சியின் மகள் ஒன்பது கொப்பிகளைத் தன் மடிக்கணனியில் தட்டெழுதிப் பென்டிரைவில் கொண்டுவந்து தந்தாள். மிச்சம் மூன்றையும் நானே எடுத்துக்கொண்டேன். பதினோராவது கொப்பியை வேறு யாரிடமும் கொடுக்கப் பயமாக இருந்தது. கறையான் அரித்து, ஈரம் பட்டு, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அது பென்சிலால் எழுதப்பட்டது வேறு. கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் கபில நிறத்தைத் தவிர ஒன்றும் விழவில்லை. விளக்கைச் சரித்துப் பிடித்து, பென்சில் அழுத்திய பள்ளத்தின் நிழலைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு தாளைப் பிரித்தால் அது வாசித்து முடியுமுன் விளிம்பிலிருந்து உதிரத் தொடங்கும். வாசிப்பதும் இழப்பதும் ஒரே வேலையாக நடந்தது.

அந்த வேலைக்கு இருந்த கணனி 2019இல் கண்டியில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியது. முதலில் 8 ஜிபி நினைவகம் ஒன்று இருந்தது. 2022இல் ரூபா விழுந்து டொலர் 350ஐத் தாண்டிய காலத்தில் புதியது வாங்க வழியில்லாமல், யாரோ பாவித்த இன்னொரு 8 ஜிபியைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சேர்த்தேன். இரண்டும் வேறு வேறு கம்பனி. ஆனாலும் மூன்று வருடம் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தன.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசொப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் கணனியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இயங்க வேண்டும். என் மதர்போட்டில் அது சரியாக இயங்க, அதன் பயோஸைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். பயோஸ் என்பது மதர்போட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிறிய மென்பொருள். மின்சாரம் வந்தவுடன் முதலில் கண்விழித்து, மற்ற உறுப்புக்களையெல்லாம் எழுப்பி, வீட்டை விண்டோஸிடம் ஒப்படைப்பது அதுதான்.

புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மதர்போட் செத்துவிடும் என்று சொல்லக் கேட்டிருந்தேன். அந்த வருடம் பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின் நிலையத்துக்குள் பாய்ந்து முழு இலங்கையும் இருண்டுபோனது யாருக்குத்தான் மறக்கும்? ஆகவே செப்டெம்பரில் ஒரு காலை, யூபிஎஸ்ஸை நிறைய ஏற்றி, பிஸ்மி சொல்லி வேலையைத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மின்சாரம் போகவில்லை. நான் பயந்த திசையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

புதுப்பித்ததும் பயோஸில் இருந்த அமைப்புக்களெல்லாம் தொடக்க நிலைக்குப் போயிருந்தன. நினைவகத்தின் வேகம் 3200இலிருந்து 2666க்கு இறங்கியிருந்தது. முன்பு இருந்ததுபோல எக்ஸ்எம்பி என்ற அமைப்பை மீண்டும் இயக்கி 3200க்கு ஏற்றிவிட்டேன். பிறகு விண்டோஸ் 11ஐயும் ஏற்றினேன்.

ஒரு வாரத்துக்குள் நீலத்திரை வரத் தொடங்கியது. சில நாள் இரண்டு தடவை, சில நாள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் காட்டியது. சுருக்கிக் கட்டிய கோப்புக்களைத் திறந்தால் உள்ளடக்கம் பிழை என்று சொன்னது. அதே கோப்பை மறுபடி திறந்தால் சரியாகத் திறந்தது. நான் விண்டோஸ் 11ஐ ஏசினேன். நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்றார்கள். போட்டார்கள். மூன்றாம் நாள் மறுபடி நீலத்திரை. மதர்போட்டை மாற்றுவதுதான் வழி என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதற்கிடையில்தான் பன்னிரண்டு கொப்பிகளின் கோப்புக்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கோப்பாக்கி வாசிக்கத் தொடங்கினேன். மருமகள் தட்டெழுதிய பகுதியில் பிழைகள் கண்ணில் பட்டன. "இறையச்சம்" என்பது "இரையச்சம்" என்று இருந்தது. "வெள்ளிக்கிழமை" ஓரிடத்தில் "வெல்ளிக்கிழமை" ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இறைக்கும் இரைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையா எங்கள் குடும்பத்தில்? தொலைபேசியில் எடுத்து, "மகள், ரானா றானா தெரியாமலா இவ்வளவு காலமும் படிச்ச?" என்று கேட்டுவிட்டேன்.

"மாமா, நான் ரெண்டு தரம் கொப்பியோட வெச்சுப் பார்த்தேனே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு மாதமாக அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவுமில்லை.

அதன் பின்னர்தான் "ழாப்பா" வந்தார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மறுநாள் சுபஹுக்குப் பின் கோப்பு முழுவதையும் பிழை தேடும் கண்ணோடு வாசித்தேன். "மழை" ஓரிடத்தில் "மவை" என்று இருந்தது. "மரம்" என்ற சொல்லின் நடுவில் ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் "௰" இருந்தது. அது பத்து என்பதற்கான பழந்தமிழ்க் குறி. கல்வெட்டுப் படித்தவர்கள் அறிவார்கள். என் விசைப்பலகையில் அந்தக் குறியே இல்லை! மனிதக் கை செய்யும் பிழை இதுவல்ல என்று உறுதியாயிற்று.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சிங்களக் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய மகன் பேராதனையில் பொறியியல் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். கதையெல்லாம் கேட்டவன், ஒரேயொரு கேள்விதான் கேட்டான்: "அங்கிள், இது தொடங்குமுன் கடைசியாக என்ன மாற்றினீர்கள்?"

பயோஸ் என்றேன். விண்டோஸும் மாற்றினேன் என்றேன்.

"அப்படியானால் விண்டோஸ் இல்லாமலே சோதிப்போம்" என்றான்.

மெம்டெஸ்ட் என்றொரு நிரல் இருக்கிறது. 1994இல் கிறிஸ் பிராடி என்பவர் எழுதியது. அதன் வழிவந்த இன்னொரு பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. பென்டிரைவில் ஏற்றி, கணனியை அதிலிருந்தே தொடக்கினால் விண்டோஸ் எழும்பாமலே நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும் எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். இஷாவுக்குப் பின் தொடக்கிவிட்டோம். ஒரு மணித்தியாலத்துக்குள் திரையில் சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என்று இரண்டு நிரலாக. அந்தப் பையன் அவற்றை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு பிழையிலும் ஒரே பிட் தான் மாறுகிறது, அங்கிள். பைட்டின் கடைசி பிட்" என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தமிழ் ஆசிரியனுக்கு விளங்க வேண்டிய பங்கு அது.

கணனியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யுனிகோட் முறையில் ரகரமும் றகரமும் அடுத்தடுத்த எண்கள். லகரமும் ளகரமும் அடுத்தடுத்தவை. நகரமும் னகரமும் அப்படியே. ழகரமும் வகரமும் அப்படியே. இந்த ஒவ்வொரு சோடியிலும் கடைசி ஒரு பிட் மட்டும்தான் வித்தியாசம். அது 0 ஆனால் ர, 1 ஆனால் ற. 0 ஆனால் ழ, 1 ஆனால் வ. நாங்கள் கரும்பலகையில் சின்ன ரானா, பெரிய றானா என்று சொல்லிக் கொடுத்து, பிரம்பும் எடுத்து, பிள்ளைகளின் மண்டையில் ஏற்றப் பாடுபட்ட வித்தியாசம் முழுவதும் கணனிக்கு ஒரு துளி மின்னேற்றம். ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டுக்களில் எழுதப்படுகிறது. மூன்றாவது பைட்டின் கடைசி பிட் புரண்டால் இறை இரையாகும், வாப்பா ழாப்பாவாகும். நடு பைட்டில் புரண்டால் எழுத்து அறுபத்து நான்கு இடம் தள்ளிப் போய் விழும். ரகரம் பத்துக் குறியானது அப்படித்தான். இதில் பயங்கரம் என்னவென்றால், பத்துக் குறியைக் கண்டு திடுக்கிடலாம். இறை இரையானால் யாரும் கணனியைச் சந்தேகிக்க மாட்டார்கள். தட்டெழுதிய பிள்ளையைத்தான் ஏசுவார்கள்.

நினைவகம் ஏன் மறக்கிறது? இன்றைய கணனிகளில் இருக்கும் நினைவகத்தின் அடிப்படை, ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்ட் 1960களின் பிற்பகுதியில் கண்டுபிடித்து 1968இல் காப்புரிமை பெற்றது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும். என் 8 ஜிபி துண்டு ஒன்றில் இப்படி 6,800 கோடிக்கு மேற்பட்ட சிறு குடங்கள். ஒவ்வொரு குடமும் ஒழுகும். ஆகவே வழமையாக 64 மில்லி செக்கனுக்குள் ஒரு தடவை ஒவ்வொன்றையும் வாசித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் மறதி. குர்ஆனைத் திரும்பத் திரும்ப ஓதிக் காத்துக்கொள்ளுங்கள், கட்டப்பட்ட ஒட்டகத்தை விட வேகமாக அது நழுவிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஹிப்ழு மத்ரஸா பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். இயந்திரத்தின் நினைவும் ஓயாமல் தன்னைத்தானே ஓதிக்கொண்டிருந்தால்தான் நிற்கிறது.

அந்த ஓதலுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, எந்த மின்னழுத்தத்தில், எந்த வேகத்தில் என்பதையெல்லாம் கணனி எழும்பும்போது தீர்மானிப்பது பயோஸ். பெரிய எண்களை நினைவகத் துண்டே தன்னில் எழுதி வைத்திருக்கும். மிச்சமுள்ள பல சிறிய எண்களைப் பயோஸ் தன் கணிப்பில் இட்டு நிரப்பும். புதிய பதிப்பு வந்தால் அந்தக் கணிப்பும் மாறலாம். பழைய பயோஸ் இருந்த காலத்தில், ஏதோ ஒரு புத்தி வந்து, அமைப்புத் திரைகளையெல்லாம் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். பையன் படத்தையும் திரையையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தான். வேகம் அதே 3200. மின்னழுத்தம் அதே 1.35 வோல்ட். ஆனால் டிஆர்எப்சி என்ற வரியில் முன்பு 560 இருந்தது. இப்போது 480. குடங்களை நிரப்புவதற்கு ஒரு தடவையில் கொடுக்கும் நேரம் அது. 350 நானோ செக்கனாக இருந்தது 300 ஆகச் சுருங்கியிருந்தது. நல்ல குடங்களுக்கு அதுவே போதும். பலவீனமான குடங்களுக்குப் போதாது.

பிறகு பையன் ஒழுங்காக வேலை செய்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது என்று அடிக்கடி சொன்னான். முதலில் மின்சாரத்தைக் கழற்றி, மதர்போட்டிலிருந்த நாணயம் போன்ற பட்டரியைப் பத்து நிமிடம் எடுத்து வைத்துப் பழைய பதிவுகளை அழித்தான். தொடக்க அமைப்பில் 2666 வேகத்தில் இரவு முழுவதும் சோதனை: ஒரு பிழையும் இல்லை. மறுநாள் 3200: பிழை. பிறகு துண்டுகளைத் தனித்தனியாக, ஒரே துவாரத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். 2019இல் வாங்கியது சுத்தம். 2022இல் வாங்கியது பிழை. துவாரத்தை மாற்றியும் பிழை அந்தத் துண்டோடுதான் போனது. ஆகவே மதர்போட்டில் குற்றமில்லை. கடைசியாக 3200இலேயே வைத்து, டிஆர்எப்சியைக் கையால் 560 ஆக்கினான். பிழை நின்றது. நான்கு இரவுகள், நான்கு பதில்கள். பயோஸ் புதுப்பித்ததால் துண்டு பழுதாகவில்லை. அது முன்பே பலவீனமானது. பழைய பயோஸ் அதற்குச் சலுகை காட்டி வந்தது, அவ்வளவுதான்.

முடிவில் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு, மற்றதை 2666இலேயே ஓட விட்டோம். தட்டெழுத்துக்கு எதற்கு வேகம்?

இது என் கணனிக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் என்று நினைத்திருந்தேன். பிறகு வாசித்துப் பார்த்தால் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2003 மே மாதத்தில் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்களிப்பில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் அதிகமாக விழுந்தன. அவருக்குக் கிடைக்கக்கூடியதை விட அதிகமாக இருந்ததால்தான் கண்டுபிடித்தார்கள். 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கிய தொகை, ஒரேயொரு பிட்டின் பெறுமதி. ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதே விளக்கமாகச் சொல்லப்பட்டது. கூகுள் தன் கணனிக் கூடங்களில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றிலொரு கணனி வருடத்துக்கு ஒரு தடவையாவது நினைவகப் பிழை கண்டிருந்தது. அவர்களுடைய கணனிகளில் பிழையைத் தானே கண்டு திருத்தும் விசேட நினைவகம் இருந்ததால் அது தெரிய வந்தது. எங்களுடைய சாதாரண வீட்டுக் கணனிகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. பிழை நடந்தால் அது பிழை என்று சொல்ல யாருமில்லை.

அந்தத் திருத்தும் முறைக்கு வித்திட்டவர் பெல் ஆய்வுகூடத்தின் ரிச்சர்ட் ஹெமிங். 1950இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: சொல்ல வேண்டியதோடு, அதைச் சரிபார்க்கச் சில மேலதிக பிட்டுக்களையும் சேர்த்து வைத்தால், ஒன்று புரண்டாலும் எது புரண்டது என்று கண்டு திருப்பிவிடலாம். வாசித்தபோது எனக்கு ரமழான் இரவுகள்தான் ஞாபகம் வந்தன. தராவீஹில் இமாம் ஓத, பின்னால் முதல் ஸப்பில் இன்னொரு ஹாபிழ் நிற்பார். இமாம் ஓரிடத்தில் தடுக்கினால், ஒரு சொல் மாறினால், பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார். ஒரு நெஞ்சை நம்பி விடுவதில்லை. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் குர்ஆனைத் தொகுத்தபோது தானே ஹாபிழாக இருந்தும் இரண்டு சாட்சிகள் இல்லாமல் ஏற்கவில்லை என்று படித்திருக்கிறோமே.

கணனி சரியாகிவிட்டது. கோப்பு? அதுதான் பெரிய வேலையாக மிஞ்சியது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் எல்லாவற்றையும் வெளியில் ஒரு வட்டில் பிரதியெடுத்து வந்தேன். பழக்கத்தை மெச்சிக்கொள்ளவும் செய்தேன். இப்போது பார்த்தால், நல்ல பிரதிக்கு மேல் பழுதான பிரதியை நானே எழுதி வந்திருக்கிறேன். பிழையைத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அப்போது ஹதீஸ் கலையில் கேட்ட ஒரு விடயம் கைகொடுத்தது. அறிவிப்பாளர் ஒருவர் நேர்மையானவர், நல்ல நினைவாற்றல் உள்ளவர். முதுமையில் அவருடைய நினைவு குழம்பிவிடுகிறது. இதனை இக்திலாத் என்பார்கள். அதற்காக அவரை முழுவதும் தள்ளிவிடுவதில்லை. குழம்புமுன் கேட்டவர் யார், குழம்பிய பின் கேட்டவர் யார் என்று பிரிப்பார்கள். அதா இப்னு ஸாஇப் என்ற அறிவிப்பாளரிடம் சுஃபயானுத் தவ்ரியும் ஷுஃபாவும் முன்பே கேட்டவர்கள் என்பதால் அவர்கள் வழியாக வருவதை ஏற்பார்கள். பின்னர் கேட்டவர்களுடையதில் நிதானிப்பார்கள். எவ்வளவு நுட்பமான நியாயம்! என் கணனிக்கும் ஓர் இக்திலாத் திகதி இருந்தது. பயோஸ் புதுப்பித்த அந்தச் செப்டெம்பர் காலை. அதற்கு முன் அதிலிருந்து வெளியே போனவை நம்பத்தக்கவை. பின்னால் அதன் கை பட்டவை எல்லாம் விசாரணைக்குரியவை.

மருமகளின் பென்டிரைவ் அவளிடமே இருந்தது. என் கணனியின் கை படாதது. மடவளைக்குப் போனேன். தங்கச்சி பிளேன்டீ ஊற்றித் தந்தாள். பிள்ளை உள்ளேயிருந்து வந்து ஸலாம் சொல்லிவிட்டு நின்றாள். "மகள், பிழை உன்னுடையதில்லை. என்னுடைய மெஷினுடையது. விசாரிக்காமல் ஏசினது என்னுடைய பிழை" என்றேன். ஓர் ஆசிரியனுக்கு இந்த மூன்று வாக்கியங்களும் எளிதில் வருவதில்லை. அவள் சிரித்தாள். "ழாப்பாவைக் காட்டுங்களேன் மாமா" என்றாள்.

அவளுடைய மடிக்கணனியில் இரண்டு கோப்புக்களையும் ஒப்பிட்டோம். ஒன்பது கொப்பிகளில் இருபத்தேழு இடங்களில் எழுத்து மாறியிருந்தது. அவளுடைய பிரதியில் இருபத்தேழும் சரியாக இருந்தன. இறையச்சமும் சரியாகவே இருந்தது. பத்தாம், பன்னிரண்டாம் கொப்பிகளுக்கு முன்பிரதி இல்லை. ஆனால் கொப்பிகள் இருக்கின்றன. நான் கொப்பியைப் பார்த்து உரக்க வாசிக்க, அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரகரம் வருமிடத்தில் "சின்னது", றகரம் வருமிடத்தில் "பெரியது" என்று சொல்லிச் சொல்லிப் போனோம். மூன்று வெள்ளிக்கிழமைகள் ஜும்ஆவுக்குப் பின் அஸர் வரை இப்படியே. பழைய தெல்தெனிய நகரத்தின் தெருவில் நானும் அவளும் ஒரு கடையும் விடாமல் நடந்தோம் எனலாம். அவள் அந்த நகரத்தைக் கண்டதில்லை. இப்போது என்னை விட நன்றாக வழி சொல்வாள்.

பதினோராவது கொப்பிதான் எஞ்சியது. அதன் தாள்கள் இப்போது ஒரு பிஸ்கட் பேணிக்குள் தூளாக இருக்கின்றன. திரையில் இருப்பதைத் தவிர வேறு சாட்சி இல்லை. "மழை" "மவை"யானதைத் திருத்தலாம். பெரும்பாலான இடங்களை வாக்கியமே காட்டிக் கொடுத்துவிட்டது. ஓரிடம் மட்டும் காட்டிக் கொடுக்க மறுக்கிறது.

ஒரு வரட்சிக் காலத்தில் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் வற்றியபோது பழைய நகரத்தின் சுவர்கள் வெளியே தெரிந்ததை வாப்பா போய்ப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றிய பக்கத்தின் கடைசி வரி இப்படி இருக்கிறது: "தண்ணீர் இறங்கியது. கரை மட்டும் அப்படியே இருந்தது."

கரையா, கறையா? ஆற்றின் கரை அப்படியே இருந்தது என்றாரா? சுவர்களில் தண்ணீர் விட்டுப்போன கறை அப்படியே இருந்தது என்றாரா? இரண்டும் பொருந்துகின்றன. இரண்டும் வாப்பா சொல்லக்கூடியவைதான். விளக்கைச் சரித்து அந்த வரியை வாசித்தவன் நான். உலகில் அதைக் கடைசியாகப் பார்த்த கண் என்னுடையது. எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு மாதங்கூட ஆகவில்லை. இயந்திரத்தின் நினைவகத்தைக் குற்றம் சொல்லி இவ்வளவு எழுதியவனின் நினைவகம் இந்த இலட்சணத்தில் இருக்கிறது.

ஏதாவது ஒன்றைத் தெரிந்து போட்டுவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்றார் நண்பர் ஒருவர். மனம் ஒப்பவில்லை. அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் ஒரு ஹதீஸைச் சொல்லி முடித்தால், "அவ் கமா கால" என்று சேர்த்துக்கொள்வார்களாம். "அல்லது அவர்கள் சொன்னது போல" என்று பொருள். சொல்லில் ஒரு சிறு பிசகு நேர்ந்திருக்குமோ என்ற பயம் அது. அந்தப் பயம் இருந்ததால்தான் மற்றச் சொற்களை நம்ப முடிகிறது.

ஆகவே அந்த வரியைக் கரை என்றே விட்டு, அடியில் ஒரு சிறு குறிப்பு எழுதினேன்: கறை எனவும் இருக்கலாம். மருமகள் அதை வாசித்துவிட்டு, குறிப்பிலுள்ள றகரத்தை விரலால் தொட்டு, "பெரியது" என்றாள். நான் கோப்பை மூடினேன்.